இலையில் மிஞ்சிய சோறு

மெக்கானிக் அண்ணன் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி என்னிடம் நீட்டினார். சூடு ஆறவில்லை, பனியன் வேஸ்ட்டை விரித்து அதில் வாங்கிக்கொண்டேன். நுனி முழுக்கக் கறுப்பு. விறகடுப்பில் ஏற்றிய பானையின் அடியைத் தொட்டால் விரலில் ஒட்டுமே, அதே உலர்ந்த கரி.

"கம்ப்யூட்டர் என்ன சொல்லுது, தம்பி?"

ஸ்கேனர் திரையை வாசித்தேன். "பி 0171. மிக்ஸ்ச்சர் ரொம்ப லீன்னு காட்டுது அண்ணே." காற்று அதிகம், பெட்ரோல் போதவில்லை என்று அர்த்தம்.

"பெட்ரோல் பத்தாத எஞ்சினோட பிளக்கா இது?"

இரண்டு மாதமாக என் காரின் டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. லிட்டருக்குப் பதினேழு கிலோமீட்டர் ஓடிய வண்டி பதின்மூன்றுக்கு இறங்கிவிட்டது. முதலில் போன இடத்தில் ஆக்சிஜன் சென்சார் போய்விட்டது என்று புதிதாக மாட்டினார்கள். விளக்கு அணைந்தது, நான்கு நாளில் மீண்டும் எரிந்தது. அடுத்து இன்ஜெக்டர் கிளீனிங். அதற்கும் அடுத்து 'எங்கேயோ ஏர் எடுக்குது சார்' என்று ஒரு நாள் முழுக்கத் தேடினார்கள். ஒன்றும் கிடைக்கவில்லை. கம்ப்யூட்டர் லீன் என்கிறது, பிளக் ரிச் என்கிறது. இரண்டில் ஒன்று பொய் சொல்கிறது என்றுதான் நான் நினைத்தேன். அங்கேதான் தப்பு செய்தேன்.

*

கணக்கிலிருந்து தொடங்குவோம். பெட்ரோலில் உள்ள பல நூறு சேர்மங்களில் ஒன்றான ஆக்டேனை எடுத்துக்கொள்வோம். அதன் ஒரு மூலக்கூறில் எட்டுக் கார்பன், பதினெட்டு ஹைட்ரஜன். கார்பன் ஒவ்வொன்றுக்கும் இரண்டு ஆக்சிஜன் அணு வேண்டும். ஹைட்ரஜன் இரண்டுக்கு ஒன்று போதும். மொத்தம் இருபத்தைந்து. எடையில் சொன்னால் 114 கிராம் ஆக்டேனை மிச்சமில்லாமல் எரிக்க 400 கிராம் ஆக்சிஜன். காற்றின் எடையில் ஏறத்தாழ 23 சதவீதம்தான் ஆக்சிஜன் என்பதால், அந்த 400 கிராமுக்கு ஒன்றே முக்கால் கிலோ காற்றை உறிஞ்ச வேண்டியிருக்கிறது. அதாவது ஒன்றுக்குப் பதினைந்து. பெட்ரோல் பங்கில் நாம் போடுவது தனி ஆக்டேன் இல்லை, கலவை. அதற்குச் சராசரியாக 14.7 என்று வருகிறது. எஞ்சின்காரர்களின் உலகத்தில் இந்த 14.7 ஒரு புனித எண்.

இதைக் கொள்ளளவில் பார்த்தால்தான் பிரமிப்பு. ஒரு லிட்டர் பெட்ரோலுக்குச் சுமார் பதினொரு கிலோ காற்று தேவை. அது ஏறக்குறைய 9,000 லிட்டர். சென்னையில் கோடையில் தெருவுக்கு வரும் பெரிய தண்ணீர் லாரி ஒன்றின் கொள்ளளவு! பெட்ரோல் வண்டி என்கிறோம். வண்டி குடிப்பது பெரும்பாலும் காற்று. பெட்ரோலோ, வண்டி நின்றபடி ஐடிலில் ஓடும்போது, ஒரு வெடிப்புக்குப் பத்து மில்லிகிராம்கூடத் தேவைப்படாது. இரண்டு மூன்று கடுகின் எடை. அதை ஒவ்வொரு சிலிண்டருக்கும் நிமிடத்துக்கு நானூறு முறை அளந்து கொடுக்க வேண்டும். அளவில் கடுகளவு பிசகினாலும் பாதிக் கணக்கு தப்பிவிடும் என்பது இங்கே வெறும் பேச்சு வழக்கில்லை.

14.7-ஐ விடக் காற்று குறைந்தால் 'ரிச்', கூடினால் 'லீன்'. முழு இழுவை வேண்டும் என்றால் கொஞ்சம் ரிச்சாக, 12.5 அல்லது 13-க்கு அருகில் ஓட வேண்டும். சிக்கனம் வேண்டும் என்றால் 16 பக்கம். இரண்டு பக்கமும் எல்லை உண்டு. ரிச்சாகிக்கொண்டே போனால் எரியாத கார்பன் புகையாகவும், பாதி எரிந்த கார்பன் மோனாக்சைடாகவும் வெளியேறும். இந்த வாயுவுக்கு நிறமில்லை, மணமில்லை. மூடிய ஷெட்டுக்குள் எஞ்சினை ஓடவிட்டு யாரும் நிற்கக் கூடாது என்பது இதனால்தான். லீனாகிக்கொண்டே போனால் வண்டி திக்கும், ஆக்ஸிலரேட்டரை மிதித்ததும் ஒரு கணம் யோசிக்கும், பிறகு ஒரு சிலிண்டர் பற்றாமலே தாண்டிவிடும். 'மிஸ் அடிக்குது' என்பார்கள்.

*

கலவைக் கோளாறு காரைப் போலவே பழையது. 1888 ஆகஸ்டில் பெர்தா பென்ஸ் தன் கணவர் கார்ல் பென்ஸிடம் சொல்லாமல், இரண்டு மகன்களை ஏற்றிக்கொண்டு மன்ஹைமிலிருந்து பிஃபோர்ட்ஸ்ஹைமுக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல் காரில் போனார். வழியில் எரிபொருள் குழாய் அடைத்துக்கொண்டது. தொப்பியில் செருகியிருந்த நீண்ட ஊசியை உருவி, அதனாலேயே குழாயைக் குத்தி அடைப்பை எடுத்தார். லீன் கோளாறைக் கண்டுபிடித்து, நடுவழியிலேயே சரிசெய்த முதல் மெக்கானிக் அவர்தான் என்று நான் சொல்வேன், மறுப்பவர்கள் மறுக்கட்டும்.

அதன் பிறகு நூறு வருடம் கார்புரேட்டரின் ராஜ்ஜியம். குறுகிய தொண்டை வழியே காற்று விரைந்து ஓடும்போது அங்கே அழுத்தம் குறையும். அந்த உறிஞ்சலில் ஜெட் துளை வழியே பெட்ரோல் மேலேறித் தூவும். மூளையே இல்லாத, அழகான ஏற்பாடு. எவ்வளவு காற்று போகிறது என்று அதற்குத் தோராயமாகத்தான் தெரியும். மேட்டுப்பாளையத்தில் சரியாக ஓடிய வண்டி, 2,200 மீட்டர் உயரத்தில் உதகையில் மூச்சுத் திணறும். அங்கே காற்றின் அடர்த்தி ஐந்தில் ஒரு பங்கு குறைவு. கார்புரேட்டரோ பெட்ரோலை அந்த அளவுக்குக் குறைப்பதில்லை. கலவை ரிச்சாகிவிடும்.

அந்தக் காலத்து மெக்கானிக் இதையெல்லாம் காதாலும் மூக்காலும் பார்த்தார். ஏர் ஸ்க்ரூவைக் கால் சுற்று திருகுவார், எஞ்சின் சத்தம் எங்கே நிதானப்படுகிறது என்று கேட்பார், அங்கே நிறுத்துவார். சந்தேகம் வந்தால் பிளக்கைக் கழற்றுவார். காபிப் பொடி நிறத்தில் இருந்தால் கலவை சரி. உலர்ந்த கரி என்றால் ரிச். வெளுத்துச் சுண்ணாம்பு பூத்த மாதிரி இருந்தால் லீன். பெட்ரோல் வகையும் பிளக்கின் வெப்பத் தரமும் மாறினால் நிறமும் கொஞ்சம் மாறும் என்பதால் இதைத் துல்லியமான அளவீடு என்று சொல்ல முடியாது. ஆனால் ஒரு விஷயத்தை மறக்கக் கூடாது: பிளக் இருப்பது தீ எரியும் அறைக்குள்ளேயே.

என் வண்டியின் சென்சாரோ வாசலுக்கு வெளியே நிற்கிறது. அது எப்படி அங்கே வந்தது என்பது தனிக் கதை.

*

லாஸ் ஏஞ்சலிஸ் நகரத்தில் 1940-களில் கண்ணைக் கரிக்கும் பழுப்பு மூட்டம் கவியத் தொடங்கியது. கால்டெக்கில் வேலை பார்த்த, நெதர்லாந்தில் பிறந்த வேதியியலாளர் ஆரி ஹாகன்-ஸ்மிட், அன்னாசிப் பழத்தின் மணத்தை ஆராய்ந்துகொண்டிருந்தவர், இந்த மூட்டத்தின் பக்கம் திரும்பினார். எரியாத பெட்ரோல் ஆவியும் நைட்ரஜன் ஆக்சைடுகளும் வெயிலில் சேர்ந்து ஓசோனை உண்டாக்குகின்றன என்று 1950-களின் தொடக்கத்தில் காட்டினார். குற்றவாளி, நகரத்தின் பெருமையான கார்தான். இருபது ஆண்டு வாக்குவாதத்துக்குப் பிறகு, 1970-ல் அமெரிக்காவின் தூய காற்றுச் சட்டம், காரின் புகையை 90 சதவீதம் குறை என்றது.

அதற்கு வழியாக வந்தது வினையூக்கி மாற்றி, அதாவது கேட்டலிடிக் கன்வெர்ட்டர். பிளாட்டினம், பலேடியம், ரோடியம் பூசிய தேன்கூடு போன்ற பீங்கான். மூன்று நச்சுகளையும் ஒரே டப்பாவில் அடக்க வேண்டும் என்றால் ஒரு சிக்கல். கார்பன் மோனாக்சைடையும் எரியாத பெட்ரோலையும் முடிக்க ஆக்சிஜன் வேண்டும். நைட்ரஜன் ஆக்சைடை உடைக்கவோ ஆக்சிஜன் இருக்கக் கூடாது. இரண்டும் ஒருசேர நடப்பது 14.7-க்கு ஒட்டிய மிகக் குறுகிய பட்டையில் மட்டுமே. இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சுமார் ஒரு சதவீதம். எந்தக் கார்புரேட்டராலும் அந்தக் கயிற்றில் நடக்க முடியாது.

சென்சார் தேவைப்பட்டது அதற்காக. 1976-ல் பாஷ் நிறுவனம் செய்த லாம்டா சென்சார், அதாவது ஆக்சிஜன் சென்சார், கலிபோர்னியாவுக்குப் போன வால்வோ கார்களில் முதலில் வந்தது.

என் வண்டியிலிருந்து கழற்றிய, கெட்டே போகாத அந்தப் பழைய சென்சார் இப்போது என் மேசையில் கிடக்கிறது. பிளக் மாதிரியே மரை. நுனியில் வெட்டுத் துளைகள் போட்ட எஃகு மூடி. அந்த மூடிக்குள் இருப்பது சிர்கோனியா என்ற பீங்கான். தையல்காரர் விரலில் மாட்டும் விரலுறை மாதிரி ஒரு முனை மூடிய குப்பி என்று நினைத்துக்கொள்ளுங்கள். உள்பக்கமும் வெளிப்பக்கமும் மெல்லிய பிளாட்டினப் பூச்சு. வெளிப்பக்கம் புகையில் குளிக்கிறது. உட்பக்கத்துக்கு வெளிக்காற்று வருகிறது.

சாதாரண வெப்பத்தில் இந்தப் பீங்கான் மின்சாரத்தைக் கடத்தாது. முந்நூறு டிகிரிக்கு மேல் சூடேறினால் ஆக்சிஜன் அயனிகள் அதன் ஊடாக நகரத் தொடங்கும். ஒரு பக்கம் ஆக்சிஜன் நெருக்கடி, மறுபக்கம் வெறிச்சென்று கிடக்கிறது என்றால், நெருக்கடியிலிருந்து வெறுமைக்குத் தள்ளுமுள்ளு. அந்தத் தள்ளலே மின்னழுத்தம். எவ்வளவு வோல்ட் என்று சொல்லும் சமன்பாட்டை வால்தர் நெர்ன்ஸ்ட் 1889-லேயே எழுதிவிட்டார். வேடிக்கை என்னவென்றால், இதே வகைப் பீங்கானைக் குச்சியாக்கிச் சூடேற்றி மின்விளக்கு செய்தவரும் அவரேதான், 1897-ல். டங்ஸ்டன் இழை வந்ததும் அந்த விளக்கு வழக்கொழிந்தது. எண்பது ஆண்டு கழித்து அவருடைய சமன்பாடும் அவருடைய பீங்கானும் ஒரு காரின் சைலன்சர் குழாயில் சந்தித்துக்கொண்டன.

புகையில் ஆக்சிஜன் மிச்சம் இருந்தால் இந்தக் குப்பி 0.1 வோல்ட் போல் காட்டும்; மிச்சமே இல்லையென்றால் 0.9-ஐ நெருங்கும். நடுவில் செங்குத்தான சரிவு. கம்ப்யூட்டர் அதைப் பார்த்து, லீனா, பெட்ரோலைக் கூட்டு; ரிச்சா, குறை என்று ஓயாமல் ஊசலாடுகிறது. ஸ்கேனரில் அந்தக் கோடு ரம்பப் பல் மாதிரி மேலும் கீழும் ஓடிக்கொண்டே இருந்தால் வண்டி ஆரோக்கியமாக இருக்கிறது. ஒரே இடத்தில் படுத்துவிட்டால் சிக்கல்.

*

இனி என் தப்புக்கு வருகிறேன். சென்சார் கலவையைப் பார்க்கிறது என்று நினைத்திருந்தேன். அது பெட்ரோலையே பார்ப்பதில்லை. எரிந்து முடிந்த பிறகு மிஞ்சிய ஆக்சிஜனை மட்டும் பார்க்கிறது.

கல்யாணப் பந்தி ஒன்றை நினைத்துக்கொள்வோம். சமையல்காரர் பந்திக்கு வருவதில்லை. எழுந்து போனவர்களின் இலைகளை மட்டும் ஒரு பையன் பார்த்துவிட்டு வந்து அடுக்களையில் சொல்கிறான். அவன் கண்ணுக்குச் சோறு மட்டும்தான் தெரியும், குழம்பு தெரியாது. "இலையில சோறு மிச்சமிருக்கு" என்றால் குழம்பு பத்தவில்லை என்று பொருள். அடுத்த பந்திக்குக் குழம்பைக் கூட்டுவார்கள். சோறே மிஞ்சவில்லையென்றால் குழம்பைக் குறைப்பார்கள். இந்த உவமையில் சோறு ஆக்சிஜன், குழம்பு பெட்ரோல், அந்தப் பையன் சென்சார். பெரும்பாலான நாட்களில் இந்த ஏற்பாடு பிரமாதமாக நடக்கும்.

எப்போது தப்பும்? நான்கு பேரில் ஒருவர் வயிற்றுவலி என்று சாப்பிடாமலே எழுந்து போய்விட்டார். அவருடைய இலையில் சோறும் முழுதாக இருக்கிறது, குழம்பும் முழுதாக இருக்கிறது. பையன் வந்து சொல்வது: "சோறு நிறைய மிச்சம்." சமையல்காரர் குழம்பை மேலும் ஊற்றுகிறார். ஒரு பிளக் தீப்பொறி தராமல் சிலிண்டர் மிஸ் அடிக்கும்போது நடப்பது இதேதான். எரியாத பெட்ரோல் நாற்றம் பின்னால் வருபவர் மூக்கைத் துளைக்கும். கம்ப்யூட்டரோ லீன், லீன் என்று மேலும் பெட்ரோல் பீய்ச்சிக்கொண்டிருக்கும். இக்னிஷன் காயில் கோளாறுக்கு ஆக்சிஜன் சென்சார் மாற்றப்பட்ட வண்டிகள் நம் ஊரில் எத்தனை இருக்குமோ!

இன்னொரு வழியும் உண்டு. எல்லோரும் ஒழுங்காகச் சாப்பிட்டு எழுந்த பிறகு, ஜன்னல் வழியே யாரோ வெளிச் சோற்றை இலையில் போட்டுவிட்டுப் போகிறார்கள். பையன் அதையும் சேர்த்துத்தான் எண்ணுவான்.

பையன் பொய் சொல்லவில்லை. அவனிடம் கேட்காத கேள்விக்குப் பதிலை அவன் வாயில் நாம் வைக்கிறோம்.

*

மெக்கானிக் அண்ணனுக்கு இந்தப் பந்திக் கதை தேவைப்படவில்லை. அவர் ஃப்யூயல் டிரிம் பக்கத்தைத் திறக்கச் சொன்னார். சென்சார் சொல்வதைக் கேட்டு, வழக்கமான அளவிலிருந்து எத்தனை சதவீதம் கூட்டினோம், குறைத்தோம் என்று கம்ப்யூட்டர் வைத்திருக்கும் கணக்கு அது. ஷார்ட் டேர்ம் டிரிம் அந்தந்த நொடியின் திருத்தம். லாங் டேர்ம் டிரிம் நாள்பட்டு மனதில் பதிந்த திருத்தம். இரண்டையும் கூட்டினால் பத்துக்குள் இருக்க வேண்டும், கூட்டலாக இருந்தாலும் கழித்தலாக இருந்தாலும். இருபது, இருபத்தைந்தைத் தொட்டால் மஞ்சள் விளக்கு.

ஐடிலில் என் வண்டி காட்டியது கூட்டல் 24.

"ரேஸ் குடுங்க. ரெண்டாயிரத்து ஐநூறுல புடிங்க."

எண் மெல்ல இறங்கி ஏழில் நின்றது. முந்தைய ஒர்க்‌ஷாப்பில் ஏன் 'ஏர் எடுக்குது' என்றார்கள் என்று எனக்கு அப்போது புரிந்தது. இன்டேக் மேனிஃபோல்டிலோ ஒரு ரப்பர் ஹோஸிலோ விரிசல் இருந்தால், அளக்கப்படாத காற்று திருட்டுத்தனமாக உள்ளே நுழையும். ஐடிலில் எஞ்சின் குடிப்பதே கொஞ்சம் காற்று. அதில் இந்தத் திருட்டுக் காற்று பெரும் பங்கு. வேகமெடுத்தால் காற்று பல மடங்காகும், திருட்டுப் பங்கு சிறுத்துவிடும். ஐடிலில் அதிகம், ரேஸில் குறைவு என்பது இன்டேக் ஓட்டையின் கைரேகை. மாறாக, ஃபில்டர் அடைத்தோ பம்ப் பலவீனப்பட்டோ பெட்ரோல் வரத்து குறைந்திருந்தால் தலைகீழாக இருக்கும்: ஐடிலில் சமாளித்துவிடும், மேட்டில் ஏறும்போது டிரிம் எகிறும்.

ஆனால் அவர்கள் இன்டேக் பாதைக்குள் புகை செலுத்திப் பார்த்தார்கள். எந்த ஹோஸிலிருந்தும் புகை கசியவில்லை. மூட்டுகளில் கார்புரேட்டர் கிளீனரைத் தெளித்துப் பார்த்தார்கள். ஓட்டை இருந்தால் அந்த ஆவி உள்ளே போய் எஞ்சின் சத்தம் மாறியிருக்கும். மாறவில்லை. (சூடான எஞ்சின் மேல் அதைத் தெளிப்பது தீயோடு விளையாட்டு. வீட்டில் செய்ய வேண்டாம்.)

இன்டேக் ஓட்டை இல்லை என்பதற்கு அண்ணன் இரண்டு காரணம் சொன்னார். "இது மேப் சென்சார் வண்டி, தம்பி. இதுல ஏர் எடுத்தா டிரிம் இவ்வளவு ஏறாது." இது நுணுக்கமான இடம். சில கார்களில் உள்ளே வரும் காற்றை வாசலிலேயே, சூடான கம்பியை அது எவ்வளவு குளிர வைக்கிறது என்று பார்த்து அளக்கிறார்கள். வாசலைத் தாண்டி ஓட்டையில் நுழைந்தால் அந்தக் கம்பிக்குத் தெரியாது. என் வண்டி போன்ற பல சிறிய கார்களில் மேனிஃபோல்டுக்குள் இருக்கும் அழுத்தத்தை வைத்துக் காற்றைக் கணக்கிடுகிறார்கள். அங்கே ஓட்டை வழியே வந்த காற்றும் அழுத்தத்தை ஏற்றும், அதுவும் கணக்கில் சேர்ந்துவிடும். அதே ஓட்டை, இரண்டு வண்டி, இரண்டு நோய்க்குறி.

இரண்டாவது காரணம் அந்தக் கறுத்த பிளக். இதை நான் வீட்டுக்கு வந்து நெடுநேரம் யோசித்தேன். எஞ்சின் உண்மையாகவே லீனாக இருந்து, கம்ப்யூட்டர் 24 சதவீதம் கூட்டி அதைச் சரிக்கட்டியிருந்தால், சிலிண்டருக்குள் கலவை 14.7-க்கு வந்திருக்கும், பிளக் காபிப் பொடி நிறத்தில் இருந்திருக்கும். பிளக் கறுத்திருக்கிறது என்றால் அந்த 24 சதவீதம் தேவையே இல்லாமல் ஊற்றப்பட்ட குழம்பு. சிலிண்டரிலிருந்து கிளம்பும்போது புகையில் ஆக்சிஜன் இல்லை. சென்சாருக்கு வந்து சேரும்போது இருக்கிறது. இடையில் எங்கோ ஜன்னல் திறந்திருக்கிறது.

"வண்டிய இங்கேயே விட்டுட்டுப் போங்க. காலைல ஏழு மணிக்கு வாங்க, ஆறின எஞ்சின்ல பாக்கணும்."

மறுநாள் சாவியைத் திருப்பியதும் பானெட்டுக்குள் 'டிக் டிக் டிக்' என்று ஒரு மெல்லிய சத்தம். இத்தனை நாளும் காலையில் கேட்டுக்கொண்டிருந்ததுதான். வால்வு சத்தம் என்று விட்டுவிட்டேன். இரண்டு மூன்று நிமிடத்தில் இரும்பு சூடேறி விரிந்ததும் மங்கிவிடும், ஆகவே எந்த ஒர்க்‌ஷாப்புக்குப் போகும்போதும் அது கேட்டதில்லை. கடைப் பையனை அழைத்து, கையுறை போட்டுக்கொண்டு, தடித்த துணியால் சைலன்சர் வாயை ஒரு கணம் அடைக்கச் சொன்னார் அண்ணன். உடனே எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு மூட்டிலிருந்து 'உஸ்' என்று சீறல். டார்ச் அடித்துக் காட்டினார்: ஒரு ஸ்டட் உடைந்திருந்தது, அதன் அருகே கேஸ்கெட் ஓரத்தில் விசிறி போல விரிந்த கரித் தடம்.

புகை வெளியே கசியும் இடத்தில் காற்று எப்படி உள்ளே போகும் என்று கேட்டேன். சைலன்சரில் புகை ஒரே ஓட்டமாகப் போவதில்லை. ஒவ்வொரு சிலிண்டர் திறக்கும்போதும் ஓர் அலை. அலை தாண்டியதும் பின்னால் ஒரு கணம் அழுத்தம் வெளிக்காற்றைவிடக் கீழே விழும். அந்த இடைவெளியில் விரிசல் மூச்சை உள்ளிழுக்கிறது. ஐடிலில் அலைகளுக்கு நடுவே நேரம் அதிகம், புகையும் குறைவு. ஆகவே கலப்படத்தின் பங்கு அதிகம். வேகமெடுத்தால் அலைகள் நெருங்கி அழுத்தம் மேலேயே நிற்கும். இன்டேக் ஓட்டையின் அதே கைரேகையை எக்ஸாஸ்ட் ஓட்டையும் வைத்திருந்தது இதனால்தான்.

ஸ்டட்டை எடுப்பதற்குப் பாதி நாள் ஆனது. கேஸ்கெட்டுக்குக் கொடுத்த பணம், தேவையில்லாமல் மாற்றிய சென்சாரின் விலைக்கு முன்னால் ஒன்றுமே இல்லை. பழைய டிரிம் கணக்கை அழித்து ஒரு வாரம் ஓட்டிய பின் பார்த்தேன்: கூட்டல் 3.

*

ரிச் பக்கத்துக் கோளாறுகளை இவ்வளவு விரிக்கத் தேவையில்லை. அவை அதிகம் ஏமாற்றுவதில்லை. டிரிம் கழித்தலில் போனால், ஒழுகும் இன்ஜெக்டர், ஏறிய பெட்ரோல் அழுத்தம், மூடாமல் சிக்கிக்கொண்ட பர்ஜ் வால்வு என்று தேடலாம். ஆயில் டிப்ஸ்டிக்கை உருவி முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் வாடை அடித்தால் சந்தேகம் பாதி தீர்ந்தது. ஒன்றை மட்டும் சொல்ல வேண்டும். எஞ்சின் தண்ணீரின் சூட்டைச் சொல்லும் சின்ன சென்சார் கெட்டு, எப்போதும் 'குளிராக இருக்கிறது' என்றே சொல்லிக்கொண்டிருந்தால், கம்ப்யூட்டர் பழைய வண்டியில் சோக் இழுத்த மாதிரி நாள் முழுக்கப் பெட்ரோலைக் கூட்டிக் கொடுக்கும். மைலேஜ் விழுந்த வண்டியில் முதலில் பார்க்க வேண்டிய, கடைசியில் பார்க்கப்படுகிற பாகம் இதுதான்.

பங்கில் இப்போது வரும் இருபது சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலும் டிரிம்மில் தெரியும். எத்தனால் தன் மூலக்கூறிலேயே கொஞ்சம் ஆக்சிஜனைச் சுமந்து வருகிறது. அதற்கு ஒன்றுக்கு ஒன்பது பங்கு காற்றே போதும். ஆகவே கலப்புப் பெட்ரோலின் சரியான விகிதம் 14.7-லிருந்து 13.5 அளவுக்கு இறங்குகிறது. தனிப் பெட்ரோலை நினைத்து அமைத்த காரில் டிரிம் ஏழெட்டு சதவீதம் ஏறினால் அது நோயில்லை, உணவு மாறியிருக்கிறது. சென்சார் உள்ள வண்டி தானே சரிசெய்துகொள்ளும். கார்புரேட்டர் வைத்த பழைய வண்டிக்கு அந்த வசதி இல்லை. அது லீனாகத்தான் ஓடும்.

புகைப் பரிசோதனைச் சீட்டையும் தூக்கிப் போடாதீர்கள். அதில் கார்பன் மோனாக்சைடு எண் ஏறியிருந்தால் வண்டி ரிச்சாக ஓடுகிறது. அது குறைவாகவே இருந்து ஹைட்ரோகார்பன் மட்டும் ஏறியிருந்தால் எங்கோ எரியாமல் தப்புகிறது, மிஸ் அடிக்கிறது என்று சந்தேகிக்கலாம். என் வண்டியின் முந்தைய சீட்டைப் பிறகு தேடி எடுத்துப் பார்த்தேன். கார்பன் மோனாக்சைடு அதற்கு முந்தைய முறையைவிடத் தெளிவாக ஏறியிருந்தது. கண்ணாடிக்குப் பின்னால் செருகிவைத்த காகிதத்தில் விடை மூன்று மாதமாக இருந்திருக்கிறது.

அடுத்த முறை உங்கள் வண்டியில் மஞ்சள் விளக்கு எரிந்து, 'சென்சார் போயிடுச்சு சார்' என்று யாராவது சொன்னால், பணம் கொடுப்பதற்கு முன் இரண்டு கேள்வி கேளுங்கள்: ஐடிலில் டிரிம் எவ்வளவு, 2,500-ல் எவ்வளவு? பிளக்கைக் கழற்றிக் காட்டவும் சொல்லுங்கள். விளக்கு நிலையாக எரிந்தால் இதற்கெல்லாம் நேரம் இருக்கிறது. விட்டு விட்டு மின்னினால் இல்லை: எரியாத பெட்ரோல் கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குள் போய் எரிந்து, அந்தப் பீங்கானை உருக்கத் தொடங்கியிருக்கும். வண்டியை ஓரங்கட்டி எஞ்சினை அணைத்துவிடுங்கள்.